ஒயர் மாற்றும் நாளுக்கு ஒரு திரை

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் மடியிலும் பாதி பின்னிய ஒயர் கூடை. திடீரென்று இளையவள் சொன்னாள்:

"அக்கா, அந்தச் சீலையை மட்டும் அவுத்துறாதீங்க."

"தகர டிரம்முக்கு முன்னால திரை கட்டியிருக்கமே, அதையா? மாசாமாசம் மிச்ச ஒயரைக் கொண்டாந்து அதுல போட்டுட்டு, அப்புறம் எல்லாத்தையும் வெளிய கொட்டி மாத்திக்கிறோம். யாரு எவ்வளவு போடுறாங்கன்னு எல்லாரும் பாக்கணும், போட்ட அளவுதான் எடுக்கணும்னு புதுசா சேந்தவங்க கேக்குறாங்கடி. நாயந்தானே?"

"நாயந்தாங்க்கா. ஆனா போன மாசம் எங்கிட்ட ஒரு துண்டு ஒயர் இல்ல. வெறும் பையோட திரைக்குப் பின்னாடி போயி, கொட்டுற மாதிரி உதறிட்டு வந்தேன். அன்னைக்கு எடுத்த பச்சை ஒயருலதான் மறுபடி கூடை போட ஆரம்பிச்சேன்."

மூத்தவள் பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்டி."

"எப்புடிக்கா?"

"ஒயர் விழுந்தா டிரம்மு சத்தம் போடும்ல? நீ போனப்ப ஒரு சத்தமும் வரல. எல்லாருந்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். அதான் எடுக்குறப்ப பச்சைக் கட்டை யாரும் தொடாம உனக்குன்னு விட்டு வச்சோம்."

இளையவள் அரியலூர் வந்ததும், காலடியில் இருந்த பெரிய பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த மாசம் சத்தம் கேக்கும்க்கா."

"கேக்கட்டும். திரை இருக்கும், எறங்கு."