ஹெத்விகா உரித்த சட்டை

எங்கள் வீட்டிலேயே வெதுவெதுப்பான அறை சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான். ப்ர்னோ நகரத்துக் குளிருக்கு அது ஒரு வரம். மாமியார் இறந்தபின் என் மாமனார் பொஹுமில் வந்து, "குளிர் முடியற வரைக்குந்தான் மாப்ளே" என்று அதில் தங்கினார். குளிர்காலங்கள் வந்தன, போயின. அவர் போகவில்லை. அக்கார்டியன் வாசிப்பார். ஒரே பாட்டு, அதிலும் பாதிதான் தெரியும்.

நான் டரான்டுலா என்கிற பெருஞ்சிலந்தி வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிலந்திக் கண்காட்சியில் பார்த்தேன், பிடித்துப்போயிற்று. உள்ளங்கை அகலம், ரோமக் கால்களில் செம்மஞ்சள் பட்டை. ஹெத்விகா என்று பெயரிட்டேன். கண்ணாடிப் பெட்டியில் தேங்காய்நார்த் தூள் பரப்பி, பதுங்க மரப்பட்டையும் குடிக்கக் கிண்ணத் தண்ணீரும் வைத்தேன். அதற்குக் கதகதப்பு வேண்டும். மாமனாரின் தலைமாட்டுப் பலகையில் இடம் இருந்தது.

"அதிர்வு ஆகாது மாமா இதுக்கு. அக்கார்டியன் வேணாம்" என்றேன்.

மனிதர் மறுநாளே பெட்டி கட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ அக்கார்டியனை மூடிவிட்டு அதே பாட்டை வாயால் முனக ஆரம்பித்தார். போதாததற்கு ஹெத்விகாமீது உயிரையே வைத்தார்.

"இன்னிக்கு ஒரு பாச்சைய முழுசா தின்னுட்டா மாப்ளே. மவராசி."

ஒருநாள், அவர் கடைக்குப் போயிருந்த நேரம், ஹெத்விகா சட்டை உரித்தாள். பாம்பு உரிப்பது போலத்தான், ஆனால் சிலந்தியின் சட்டை சிலந்தியாகவே இருக்கும். கால், ரோமம், பல், எல்லாம். அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அவர் கட்டிலில், வழக்கமாக உட்காரும் இடத்தில், போர்வைக்கு அடியில் வைத்தேன். பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். ஹெத்விகாவைக் கோட்டு அலமாரிக்குள், வெந்நீர்க் குழாய் ஓரம் குடிவைத்தேன். மாமனார் திரும்பியதும், துடைத்துத் தருகிறேன் என்று மூக்குக்கண்ணாடியையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்தார். நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"மாப்ளே, உன் பொண்ண நான் கொன்னுட்டேன்யா."

"தெரியாமத்தானே செஞ்சீங்க மாமா" என்று மன்னித்தேன். மன்னிப்பது என் சுபாவம்.

தேயிலை டப்பாவில் வைத்து வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரத்தடியில் புதைத்தோம். அந்த அறையில் இனி கண்மூட முடியாது என்று ஒலோமோட்ஸிலுள்ள மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து பூ வைக்கிறார். நானும் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி நிற்கிறேன்.

நேற்று என் மனைவி யித்கா, கோட்டுத் தேடப்போய் ஹெத்விகாவைப் பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"அப்பா பாதியா எளைச்சுட்டாரு. நாளைக்கு வர்றப்ப நீயே உன் வாயால சொல்லிடு."

இரவெல்லாம் யோசித்தேன். நான் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அழுது தீர்த்து இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறார். இந்த வயதில் போய் அவரிடம் உண்மையைச் சொல்லி மனத்தைப் புண்படுத்தும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் அல்ல.