டீச்சரின் கார் ஏன் ஒழுகியது

பழைய கார் என்றால் கொஞ்சம் ஆயில் ஒழுகத்தான் செய்யும் சார். அதில் பதற ஒன்றுமில்லை. நிறுத்துகிற இடத்தில் ஒரு அட்டையை விரித்துவைத்தால் காலையில் சொட்டு தெரிந்துவிடும். ஆனால் சொட்டுக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்புகிறவனை மெக்கானிக் என்று சொல்லாதீர்கள். ஆயில் மேலே எங்கோ கசியும், இன்ஜின் விலாவோரமாக நடந்து வரும், ஓடுகிற காற்றில் பின்னால் ஒதுங்கும், கடைசியில் சம்பந்தமே இல்லாத மூலையில் நின்று சொட்டும்.

டீச்சர் முதன்முதலாக வந்தபோது அப்படித்தான். மூன்று மெக்கானிக்குகள் கீழேயே தேடிக் கைவிட்ட வண்டி. காலமான கணவர் ஆசையாக வைத்திருந்தது என்பதால் விற்க மனம் வரவில்லை என்றார். நான் இன்ஜினை டீசல் விட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் முகத்துக்குப் பூசுகிற பவுடரை எடுத்து எங்கும் தூவினேன்.

"இன்ஜினுக்கு மேக்கப்பாண்ணே?" என்று சிரித்தார்.

"பொண்ணு பாக்க வராங்க டீச்சர்" என்றேன்.

பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால், வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து இறங்கி வந்திருந்தது. உச்சியில் இருக்கிற மூடிக்கு அடியில் ரப்பர் பேக்கிங் காய்ந்து அப்பளமாகிக் கிடந்தது. மாற்றிக் கொடுத்தேன். அதன்பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவரும் வரவில்லை. எட்டு மாதம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை சார். ஷெட்டுக்குப் பின்னால்தான் என் அறை. ஒரு கட்டில், ஒரு ரேடியோ. குறை ஒன்றுமில்லை. ஆனால் அன்று வேலை முடியும்வரை டீச்சர் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திய நாற்காலியை நான் வேறு யாருக்கும் போடவில்லை. அவர் பூகோளம் எடுக்கிறவர். திருத்தும்போது வேடிக்கையான பதில் வந்தால் சத்தமாகப் படித்துக் காட்டுவார். 'பூமி இடைவிடாமல் சுற்றுவதால் அதற்கு அடிக்கடி மயக்கம் வருகிறது' என்று ஒருத்தி எழுதியிருந்தாளாம். நான் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எட்டு மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தார். மாற்றினேன். அடியில் இருக்கிற போல்ட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும். பழையதையே போட்டேன். வேறெதுவும் செய்யவில்லை. மூன்றே வாரத்தில் திரும்பி வந்தார்.

"அண்ணே, மறுபடியும் ஒழுகுதே."

"வயசான வண்டி டீச்சர். ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் வரும்."

இது பொய்யில்லை. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதையே சொல்வான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் ஒன்பது கசிவு. ஒவ்வொன்றையும் ஒழுங்காகக் கண்டுபிடித்து, ஒழுங்காகச் சரிசெய்தேன். போகும்போது அடுத்ததற்கு ஒரு ஏற்பாடு செய்து அனுப்புவேன். இங்கே ஒரு அரைத் திருகு, அங்கே கத்தி முனையால் பேக்கிங்கில் ஒரு கீறல். வண்டிக்குக் கெடுதல் வராத அளவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பேப்பர் கட்டோடு நேரே ஷெட்டுக்கு வருவது அவருக்கே பழகிவிட்டது. நடுவில் ஒரு நாள் 'அண்ணே' என்று கூப்பிடாமல் "நீங்க சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த வித்தியாசத்தை நான் கவனித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் 'அண்ணே' வந்துவிட்டது. பழக்க தோஷம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு தம்பி வந்தார். டீச்சரின் உடன்பிறந்தவர், தூரத்து ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அக்கா ஒண்டியாகக் கிடக்க வேண்டாம், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டேன் என்று கையோடு கூட்டிப்போக வந்திருந்தார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் காரை அவரே ஷெட்டுக்கு ஓட்டிவந்து, என்னோடு சேர்ந்து குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் இல்லையா, பார்வை பிசகவில்லை.

"இந்த போல்ட்டைப் பாருங்கண்ணே. சுத்தி அழுக்கு, இது மட்டும் பளபளன்னு இருக்கு. தானா தளர்ந்த மாதிரி தெரியலையே."

நான் ஸ்பேனரை எடுத்து அந்த போல்ட்டை முறுக்கினேன்.

"அக்காகிட்ட நான் சொல்லப்போறதில்ல. உங்க மேல அவங்களுக்கு நல்ல மதிப்பு. அது அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு தடவை மட்டும் சுத்தமா முடிச்சுக் குடுத்துடுங்க. நானூறு கிலோமீட்டர் போகணும்."

தங்கமான மனிதர். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சுத்தமாக முடித்தேன் சார். ஒன்பது இடத்தையும் மறுபடி பார்த்தேன். பேக்கிங் எல்லாம் புதிது, சீல் புதிது. நிற்கும்போது ஒரு சொட்டு விழாது. ஆயில் ஃபில்டரை மட்டும், ஓட்டத்தில் அழுத்தம் ஏறினால் பீச்சுகிற அளவுக்குத் தளர்த்திவைத்தேன். கணக்குப் போட்டுத்தான் வைத்தேன். டீச்சர் நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார். ஆயில் தீர்ந்து இன்ஜின் இறுகும்போது வண்டி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நேர் சாலையில் இருக்கும். தானே நின்றுவிடும். எனக்கு போன் வரும். இன்ஜினைப் பிரித்துக் கட்ட இரண்டு மாதம் பிடிக்கும். இரண்டு மாதத்தில் மனம் மாறாதா?

ஓட்டியது தம்பி. எண்பதில் போயிருக்கிறார். பாலத்தைத் தாண்டி, இறக்கத்து வளைவில் இன்ஜின் இறுகிச் சக்கரம் கவ்விக்கொண்டது. பின்னால் செங்கல் லாரி. அந்த வேகத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும், சொல்லுங்கள்.

போன் வந்தது. காலை ஒன்பதேகால்.

"அண்ணே, வண்டி அடிபட்டுடுச்சு. தம்பி பேச மாட்டேங்கறான். சீக்கிரம் வாங்கண்ணே."

ஆம்புலன்ஸுக்குக்கூடச் சொல்லாமல் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சலவைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியுமே, அது ஏன் எரியவில்லை என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். அதன் ஒயரை நான் பிடுங்கிவிட்டிருந்தேன். விளக்கு எரிந்தால் யார் ஓட்டினாலும் தம்பி நிறுத்திப் பார்த்திருப்பார். ஃபில்டரைக் கையாலேயே முறுக்கி, ஆயில் வாங்கி ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பார். அதில் யாருக்கு என்ன லாபம்?

நான் போனபோது தம்பிக்கு மூச்சு இருந்தது. கதவு நசுங்கி மாட்டிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் ஓட்டம் பிடித்துவிட்டார். சாலையில் வேறு ஆள் இல்லை. வண்டி பின்பக்கம் அடிபட்டிருந்ததால் முன்மூடி சுலபமாகத் திறந்தது. முதலில் ஒயரை மாட்டினேன். பிறகு ஃபில்டரை முறுக்கினேன். கொதிக்கிற ஃபில்டர், கை சுட்டுவிட்டது. துணி தேடிப் பிடித்து முறுக்க வேண்டியிருந்தது. டீச்சர் கால் உடைந்து சாலையோரம் உட்கார்ந்தபடியே கத்திக்கொண்டிருந்தார்.

"வண்டியை விடுங்கண்ணே. அவனைப் பாருங்க. அவனைப் பாருங்க."

வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். மறுக்கவில்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

நான் ஒயர் மாட்டியதைப் பார்த்ததாக டீச்சரே உங்களிடம் சொன்னார் என்கிறீர்கள். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றும் சொன்னாராம். வலியில் இருக்கிறவர், ஏதோ சொல்லியிருப்பார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கால் சேர ஆறு மாதம் ஆகும். தம்பியும் போய்விட்டார், ஊர் மாறுகிற பேச்சும் போய்விட்டது. இனி ஒரு ஒத்தாசைக்கு என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?