மூன்றாம் மாடிக்குப் போன தையல் மெஷின்

வரி அலுவலக எழுத்தர் அம்மாள் மீதான லஞ்சப் புகார் குறித்து விசாரித்தபோது நான் சொல்வதாவது: என்னை எல்லோரும் 'ஊசி' என்றுதான் அழைப்பார்கள். வயது 52. தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்து, கடையின் பின்னறையிலேயே மனைவியுடன் குடியிருக்கிறேன்.

மனைவியின் இடுப்பு ஆபரேஷனில் கையிருப்பு கரைந்து, கடைக்கான மூன்று வருட வரி கட்டாமல் நின்றுபோனது. கடைசி நோட்டீஸ் வந்ததும், இருந்ததிலேயே நல்ல மெஷினைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி, மேற்படி அம்மாளின் மேசை முன் இறக்கி, வரிக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். அதற்கு அவர், "இது உங்க தொழில் சாமான். ஜப்தியே பண்ணக்கூடாதுன்னு விதி இருக்குங்க. நீங்களா கொண்டாந்து கொடுக்கறீங்களே" என்றார்.

அதன் பிறகு உட்காரச் சொல்லி, மாத வருமானத்தைக் கேட்டு ஒரு தாளில் குறித்தார். அரசாங்கத்துக்கு நான் கட்ட வேண்டிய கணக்கில் அவர் முதலில் எழுதிக் கழித்தது என் மனைவியின் மருந்துச் செலவை. அடுத்து வாடகை, அரிசி. மிஞ்சியதை மட்டும் மாதத் தவணையாக்க ஒரு மனுவும், அபராதத்தைத் தள்ளுபடி செய்ய ஒரு மனுவும் எழுதவைத்தார். அவருடைய சாப்பாட்டு டப்பா திறந்தபடியே இருந்தது.

"எனக்காக இவ்வளவு செய்யறீங்களேம்மா" என்றேன்.

"உங்களுக்காக இல்லைங்க. எல்லாருக்கும் உள்ளதுதான். யாரும் வந்து கேக்கறதில்ல, பயந்து ஒளிஞ்சுக்கறாங்க."

அதன் பிறகு அவரே ஒரு கை கொடுத்து மெஷினை என் தோளில் ஏற்றிவிட்டார். நான் மெஷினோடு ஏறியதைப் பார்த்துப் புகார் எழுதியவர், அதோடு இறங்கியதைப் பார்க்கவில்லை. மெஷின் கடையில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம். தவணை உத்தரவில் அதிகாரியின் கையெழுத்து உள்ளது. அபராதத்தில் பாதி தள்ளுபடியானது. அந்த அம்மாள் என்னிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை.

ஏழாவது தவணையை இன்று காலை கட்டினேன். அவரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்திருப்பதால் நாற்காலி காலியாக இருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் கையில் நோட்டீஸை வைத்துக்கொண்டு அழுதாள். மனு எப்படி எழுத வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்ததால்தான் இங்கு ஆஜராக ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்)
ஊசி, தையல் மெஷின் மெக்கானிக்