பிரியாத பால்

எண்பத்தாறோ ஏழோ, பாரிஸில் லா சப்பல் மேடையில் மெட்ரோவுக்கு நின்றேன். "பால் பிரியாததாலைதான் அண்ணை என்ரை யாவாரம் படுத்தது" என்று பின்னால் ஒரு குரல். பால் பிரிந்தால்தானே கவலை? திரும்பிப் பார்த்தேன். கையில் தேங்காய்ப்பால் அடைத்த தகர ரின்னோடு ஒரு கடைக்காரர். பக்கத்தில் ஒரு நரைமீசைக்காரர்.

"விளங்கேல்லை தம்பி."

"முதல் இறக்கின ரின்னிலை கட்டிப்பால் மேலை, தண்ணிப்பால் கீழை நிண்டது. வெள்ளையள் பழுதாப்போச்செண்டு திருப்பித் தந்திட்டாங்கள்."

"எங்கடை சனம்?"

"குலுக்காமல் திறந்து, மேலை நிண்டது முதற்பால், கீழை நிண்டது ரெண்டாம்பால் எண்டு சந்தோசமாக் கறி வைச்சுதுகள். நான் விசரன், வெள்ளையளுக்காகப் பிரியாத சாமானாப் பாத்து ஒபர்வில்லியேயிலை இருக்கிற என்ரை சாமான் டெப்போ நிறைய இறக்கினன்."

"பிறகென்ன?"

"ரெண்டாம்பால் எங்கையெண்டு எங்கடை சனம் சண்டைக்கு வருது."

"அப்ப வெள்ளையளுக்குக் குடுக்கலாமே?"

"பழுதான சாமான் விக்கிறவனெண்டு அவங்கள் கடைப்பக்கமே வாறேல்லை."

மெட்ரோ வந்து நின்றது. ஏறும்போது நரைமீசைக்காரர் கேட்டார்: "டெப்போவிலை கிடக்கிறதை என்ன செய்யிறாய்?"

"என்ன செய்யிறது அண்ணை? வீட்டிலை மூண்டு நேரமும் தேங்காய்ப்பால் சொதிதான்."