காணாமல் போன லோடு

இல்ஸே: ...அதெல்லாம் இருக்கட்டும் யோரிஸ். இருநூத்திப் பதினாலுக்கு அடுத்து இருநூத்திப் பதினாறு எப்படி வரும்?

யோரிஸ்: பெல்ஜியத்துல அப்படித்தான் எண்ணுவோம். இங்க எதுதான் ஒழுங்கா இருக்கு?

இல்ஸே: விளையாடாத. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பதினோரு நாட்டுப் பத்திரிகையும் நாம சேர்ந்து தோண்டுன செய்தியை ஒரே நிமிஷத்துல வெளியிடுது. உங்க ஊர்க் குப்பையை எங்க லாட்வியாவுக்கு ஏத்திட்டு வந்த லாரி ஒவ்வொண்ணுக்கும் பட்டியல்ல ஒரு வரி. அதுல ஒரு லாரியைக் காணோம்.

யோரிஸ்: ரெண்டு தடவை ஏறியிருந்துச்சு... ஒண்ணை எடுத்தேன்.

இல்ஸே: நேத்து பாத்தேன். ஒரு தடவைதான் இருந்துச்சு.

யோரிஸ்: நீ சாப்பிட்டியா? இங்க ஒரே மழை. வாங்கி வச்ச உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப்போயி—

இல்ஸே: பேச்சை மாத்தாத. நீதான் எடுத்தியா?

யோரிஸ்: ...ஆமா.

இல்ஸே: நீயா? ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் நாலு வருஷமா என் உயிரை வாங்குனவன் நீ. குப்பையைக் குவிச்சு வச்சிருந்த பழைய செங்கல் சூளையில தீப்பிடிச்சதே அந்த லோடுதான். காவலாளி உள்ளேயே வெந்து செத்தாரு.

யோரிஸ்: தெரியும். 'கிடங்குல கிடந்த பிளாஸ்டிக்'னு பொதுவா எழுதிக்கலாம்...

இல்ஸே: பொதுவாவா? அவர் பொண்டாட்டி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அதை உள்ள விட்டது யாருன்னு. பேரு வரும்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

யோரிஸ்: பேரு போட முடியாதும்மா. நம்ம விதி உனக்குத் தெரியாதா? நாம யார் மேல குற்றம் சாட்டுறோமோ அவங்களுக்கு முன்கூட்டியே கேள்வி அனுப்பணும், பதில் சொல்ல நாள் குடுக்கணும். அனுமதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அனுப்பவே இல்ல. பட்டியல்ல அவருக்கு எதிரே காலியா இருக்கு. இனி நேரமும் இல்ல.

இல்ஸே: அப்படின்னா ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டிருக்கணும். எதுக்கு யாருக்கும் தெரியாம அழிச்ச?

யோரிஸ்: அது வந்து...

இல்ஸே: யார்கிட்ட வாங்குன?

யோரிஸ்: ...என்ன கேட்ட?

இல்ஸே: காதுல விழுந்துச்சுல்ல. யார்கிட்ட காசு வாங்குன?

யோரிஸ்: நீயா இல்ஸே இப்படிக் கேக்குற? பன்னெண்டு மாசம் உன்கூடச் சேர்ந்து அந்தச் சாம்பலைக் கிளறுனவன் நான்...

இல்ஸே: அதனாலதான் கேக்குறேன்.

யோரிஸ்: சரி... உக்காந்திருக்கியா?

இல்ஸே: நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு.

யோரிஸ்: வேண்டாமே. ஒரே ஒரு வரி. விட்டுடேன், உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்.

இல்ஸே: கையெழுத்து யாரோடது?

யோரிஸ்: மூணு தடவை பாத்தேன். வேற ஆளா இருக்கக் கூடாதான்னு பாத்தேன்... போன ஜூன்ல உங்க வீட்டுக்கு வந்தப்ப, தோட்டத்துல நெருப்பு மூட்டி, சீரகம் போட்ட சீஸை எனக்கு வெட்டி வெட்டிக் குடுத்தாரே... உன் புருஷன். குன்டார்ஸ். அந்த வாரம் லாரிகளை உள்ள விடுற பொறுப்பு அவரோடது.

இல்ஸே: மூணு தடவையும் அவர் கையெழுத்துதானா?

யோரிஸ்: ஆமா இல்ஸே. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு, உனக்கு எப்படி இருக்கும்... உன் குடும்பத்தை நான் எப்படி...

இல்ஸே: கேள்வி அனுப்பியாச்சு.

யோரிஸ்: எந்தக் கேள்வி?

இல்ஸே: எங்க பத்திரிகை ஆசிரியர் எழுதின கடிதம். வியாழக்கிழமை காப்பி குடிக்க உக்காந்தப்ப நான்தான் அவர் கையில குடுத்தேன்.

யோரிஸ்: உனக்கு... முன்னாடியே தெரியுமா?

இல்ஸே: அந்தக் காகிதத்தை ஸ்கேன் பண்ணதே நான்தானே. பத்து வருஷமாப் பாக்குற கையெழுத்து. அன்னிக்கே ஆசிரியர்கிட்ட சொல்லிட்டேன். அந்த வரியை நான் தொடக் கூடாது, உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு. வெளிநாட்டு ஆள் ஒருத்தர் தனியாப் பாத்து உறுதி பண்ணாத்தான் அது நிக்கும். அது நீதான்னு நிம்மதியா இருந்தேன்.

யோரிஸ்: கடவுளே... அவரு பதில் சொன்னாரா?

இல்ஸே: 'கையெழுத்து என்னுடையதுதான், லாரியைத் திறந்து பார்க்கவில்லை'ன்னு ரெண்டு வரி எழுதி மேஜையில வச்சுட்டு, இன்னிக்கு மத்தியானம் பெட்டியோட போயிட்டாரு. அதை ஒரு எழுத்து மாத்தாம போடு யோரிஸ். பேரோட போடு.