மறதி நாற்காலி

வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கத்தாரில், ராஸ் லஃபானில், மற்ற லேபர் கேம்ப் ஆபீஸ்களில் தொழிலாளி கதவருகே நின்றபடியே பேசிவிட்டுப் போவான். என் அறையில் மெத்தை வைத்த நாற்காலி, ஏசிக்கு நேர் கீழே. அனந்தகிருஷ்ணன் சார் தங்கமான மனுஷன் என்று என்னைச் சும்மாவா சொன்னார்கள்?

யோசனை என் மகள் இளவேனிலுடையது. கிரேக்கக் கதை ஒன்று படித்தாளாம். பாதாளத்தை ஆளும் ஹேடிஸிடம் இரண்டு பேர் உயிரோடு வந்து நிற்கிறார்கள். அவன் கோபப்படவில்லை, உட்காருங்கள் என்கிறான். அது மறதி நாற்காலி. உட்கார்ந்ததும் வந்த காரியம் மறந்துவிடுகிறது, எழுந்திருக்கவும் முடியவில்லை. "ஹேடிஸ் ஸோ பொலைட், இல்லப்பா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

2006 ஜூலை. பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலை, ஓர் ஆளைக்கூட விடுவதற்கில்லை. ஊருக்குப் போகிற எக்ஸிட் பெர்மிட் என் மேசை வழியாகத்தான் கஃபீலிடம், விசா கொடுத்த அரபி முதலாளியிடம், போக வேண்டும். லீவு கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்து, சுலைமானி டீ கொடுத்து, பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பேன். பத்து நிமிடக் குளிரில் முக்கால்வாசிப் பேர் கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து போய்விடுவார்கள்.

ராக்கப்பன் மட்டும் மறக்கவில்லை. சிவகங்கைப் பக்கம், சாரம் கட்டுகிறவர். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரி கருப்பாயி போன்ல ஒண்ணுமில்லங்கிறா சார். ஆனா கொரலு சரியில்ல. ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"அவங்களே ஒண்ணுமில்லங்கிறாங்க, நீங்க ஏன் அலட்டிக்கிறீங்க? டீ ஆறுது பாருங்க."

குடித்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். கடைசியாக வந்துபோன நாலாம் நாள் ஊரில் அந்த அம்மா தவறிவிட்டார். எனக்கு வருத்தம்தான், அன்று மதியம் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டேன்.

விசாரணைக்கு வந்த நீங்கள் என் டிராயரின் பூட்டைத் திறந்து எடுத்த ஃபாக்ஸ், கருப்பாயியின் அண்ணன் ஆபீஸுக்கு அனுப்பியது. ராக்கப்பன் முதல் முறை வருவதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. அதில் இரண்டு வேண்டுகோள். தங்கச்சி பிழைக்க மாட்டாள், மாப்பிள்ளையை உடனே அனுப்பிவையுங்கள் என்பது ஒன்று. விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார் என்பது இன்னொன்று.

மனிதத்தன்மை இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டாவதை நான் அப்படியே காப்பாற்றினேன்.