கயல்விழியைத் தேற்றியவள்

பரீட்சை நேரத்தில் எனக்கு வயிறு வலிக்கும், மேடம். பெரிய விஷயம் இல்லை. நம் துறையில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்று இருக்கிறது. ஒருத்திக்கு முடி கொட்டும், இன்னொருத்தி நகத்தைக் கடித்துக் கடித்துச் சதைக்கே போய்விடுவாள். செமஸ்டர் கடைசியில் அவரவர் தம்மைச் சமாளிக்க ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று துறைத்தலைவராக நீங்களே வகுப்பில் ஒருமுறை சொன்னீர்கள். நான் கண்டுபிடித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்னை உங்களுக்குத் தெரியும். லோகப்பிரியா. இந்த வருடம் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியலில் முதல் மதிப்பெண். எங்கள் ஆய்வுத் திட்டங்களுக்கு வழிகாட்டிய சுந்தரராஜுலு சாரிடமே இப்போது பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. வீட்டில் என்னை யாரும் அடித்ததில்லை, திட்டியதில்லை. பரீட்சை முடிந்ததும் அம்மா போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "மொதல்ல வந்தது நீதான கண்ணு?" அவ்வளவுதான். பாசமாகத்தான் கேட்பார்.

கயல்விழி என் அறைத்தோழி. வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அம்மா பொன்னாத்தாள் கொழுந்து பறிக்கிறார். அப்பா ஆறுச்சாமி தேயிலைக்கு மருந்தடிக்கிறார். அந்த லைனில் எம்.எஸ்ஸி. வரைக்கும் வந்த முதல் ஆள் அவள்தான். மூன்றாம் செமஸ்டர் பரீட்சையில் ஒரு பேப்பர் சரியாக எழுதவில்லை என்று அறைக்கு வந்து அழுதாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அழுதுபோடு கண்ணு. மனசு லேசாயிரும்" என்றேன்.

அரை மணி நேரம் அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தபோது கவனித்தேன், என் வயிற்றுவலி போயிருந்தது. மாத்திரைக்குக் கேட்காத வலி, மேடம். மறுநாள் பேப்பரில் எனக்குத் தொண்ணூற்றாறு. அடுத்த பேப்பருக்கு அவள் தெளிந்துவிட்டாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். எனக்கு வலி திரும்ப வந்தது.

நான்காம் செமஸ்டரில் எல்லோருக்கும் ஆய்வுத் திட்டம். கயல் தன் ஊர் மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். தேயிலை வேரை அழுகவைக்கும் பூஞ்சையை அது பக்கத்தில் வரவிடாது. கிருமி வளர்க்கிற பிளேட்டில் பூஞ்சை பஞ்சுபோலப் படர்ந்து வந்து, அந்தப் பாக்டீரியாவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிடும். நடுவில் கண்ணாடிபோல ஒரு கோடு. "எங்கம்மா பறிக்கற செடியெல்லாம் வேர் அழுகித்தான் சாவுது லோகா. இது வந்துட்டா மருந்தே வேண்டாம்" என்றாள். அவள் எடுத்த போட்டோவைப் பார்த்து சார் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் பொறாமைப்படவில்லை. அந்தக் கோடு உண்மையிலேயே அழகாக இருந்தது.

பிப்ரவரியில் மாதிரித் தேர்வு வைத்தீர்கள். அதற்கு முந்தைய நாள் காலையில் எனக்குத் தாங்க முடியவில்லை. லேபுக்கு இன்னும் யாரும் வரவில்லை. அவள் பிளேட்டுகளின் மூடியைக் கொஞ்சம் தூக்கி, ஆறாத காபியை ஊதுவதுபோல மெதுவாக ஊதினேன். தேர்வன்று பார்த்தால் எல்லாவற்றிலும் கண்ட கண்ட கிருமி. அவள் சாயங்காலம் அழுதாள். நான் தேற்றினேன். மீதித் தேர்வுகளை நன்றாக எழுதினேன்.

மார்ச்சில் மூன்று முறை செய்தேன். மூன்றாவது முறை அவள் அழவில்லை. "பரவால்ல, ஃப்ரீசர்ல அதே பாக்டீரியாவ அஞ்சு குப்பி எடுத்து வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள். அது எனக்குத் தெரியாது. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அந்த ஐந்து குப்பிகளையும் கொதிக்கிற தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, துடைத்து, திரும்ப அதே வரிசையில் வைத்தேன்.

ஐந்தில் ஒன்றிலிருந்தும் எதுவும் வளரவில்லை. அந்த வாரம் அவள் சாப்பிடவில்லை. நான் ஊட்டிவிட்டேன். வேறு யார் செய்திருப்பார்கள்?

அப்புறம் அப்பாவுக்குப் போன் செய்து அதே செடியின் மண்ணைக் கேட்டாள். ஏப்ரல் முதல் வாரம் அவர் கொண்டுவந்தார். அன்று கயலுக்கு செமினார். அதனால் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு என்னைப் போகச் சொன்னாள். வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் துணிப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ரண்டு கிலோ போதுங்களா? மேல்மண்ணு வேண்டாம்னு புள்ள சொல்லுச்சுங்க. வேரைத் தொட்டே எடுத்தனுங்க."

"போதுங்க. உக்காருங்க."

"பஸ்ஸுல மேல வெச்சா சூடாயிருமாமுங்க. சூடானா உள்ள இருக்கறது செத்துப்போயிரும்னு சொல்லுச்சு. அதான் மடியிலயே வெச்சுட்டு வந்தனுங்க. ஈரத்துணி சுத்தியிருக்குதுங்க." பையை இரண்டு கையாலும் நீட்டினார். "புள்ள சாப்புடுதுங்களா?"

"நான் பாத்துக்கறனுங்க."

"நீங்க இருக்கறதுனாலதானுங்க நாங்க அங்க நிம்மதியா இருக்கறோம்."

டிபன் வாங்கிக் கொடுத்தேன். பாதி இட்லியை வைத்துவிட்டார். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேராக லேபுக்கு வந்தேன்.

நீராவியில் கிருமி கொல்கிற நம் ஆட்டோகிளேவ் நூற்று இருபத்தொரு டிகிரிக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் எதுவும் பிழைக்காது. மண்ணைக் கொட்டி வைக்கும்போது லேபைக் கூட்டுகிற சென்னியம்மாள் அக்கா பார்த்தார்.

"என்ன கண்ணு, மண்ணைப் போயி வேக வெக்கற?"

"தொட்டிச் செடிக்குங்க அக்கா. புழு வந்துருச்சு."

அவரைக் கேட்டால் சொல்வார். அவர்மேல் தப்பில்லை. இரண்டு முறை வைத்தேன். ஆறவிட்டு, நம் கட்டட வாசல் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக் கலந்தேன். ஒன்றுமே வளராவிட்டால் சாருக்குச் சந்தேகம் வரும், அதற்காக. திரும்ப அதே ஈரத்துணியைச் சுற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் பையை முகர்ந்து பார்த்து, "எங்கூட்டு வாசம்" என்றாள்.

பிளேட்டில் ஏதேதோ வளர்ந்தது. அந்தக் கோடு மட்டும் வரவில்லை. பூஞ்சை முழுப் பிளேட்டையும் மூடியது. பத்து நாள் திரும்பத் திரும்பச் செய்தாள். கடைசியில் சார் கூப்பிட்டார். நீங்களும் இருந்தீர்கள்.

"முதல்ல வந்தது இப்ப ஏம்மா வரலை? ஃப்ரீசர்ல வெச்ச ஸ்டாக்கும் செத்துக் கிடக்கு. போட்டோ எதை வேணாலும் எடுக்கலாம். நிஜமாவே வந்துச்சா?" என்று அவளைக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ கூடவே இருந்தவதான. நீ பாத்தியா?"

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் மறுநாள் எனக்கு வாய்மொழித் தேர்வு.

"இருந்த மாதிரி இருந்துதுங்க சார். நான் கிட்டப் போய்ப் பாக்கலைங்க" என்றேன்.

கயல் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். சந்தேகத்தோடுதான் பார்த்தாள், அதுவும் தன்மேலேயே சந்தேகம். அன்று மாலை, "நான் பாத்தது நெசமா லோகா? இல்ல நானா நெனச்சுக்கிட்டனா?" என்று கேட்டாள். நான் அவள் தலையை மடியில் வைத்துத் தடவினேன். அவள் அதற்கு முன்னால் அப்படி அழுததே இல்லை. எனக்கும் அந்த அளவுக்கு நிம்மதி அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், இவ்வளவு பதற்றமில்லாத மாணவியைப் பார்த்ததில்லை என்றார்.

முடிவுகளை இட்டுக்கட்டியவர் என்று அவள் கோப்பில் எழுதினீர்கள். புதுத் திட்டத்தோடு ஒரு வருடம் மறுபடி படிக்கலாம் என்றீர்கள். அவள் பட்டம் வாங்காமலே பெட்டியைக் கட்டினாள். அவள் அப்பாவே வந்து அழைத்துப் போனார். என்னிடம் கும்பிட்டு, "நீங்க இல்லைன்னா எம்புள்ளைய உசுரோட பாத்திருக்க மாட்டனுங்க" என்றார். அதை நான் மறுக்கவில்லை. அது உண்மை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இப்போது கயல் சூலூரில் ஒரு சின்ன ஆய்வகத்தில் தண்ணீர் பரிசோதிக்கிறாள். போன மாதம் நான்தான் போன் செய்தேன். தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கேன் லோகா. ஆறு மணிக்கு வேலை முடிஞ்சா ரூமுக்குப் போயி, சமைச்சுச் சாப்புட்டு, நல்லாத் தூங்கறேன். இப்பெல்லாம் அழுகையே வர்றதில்லை. பழசையெல்லாம் உட்டுட்டேன். நீயும் உடு" என்றாள்.

கேட்க சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே வலி ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை. என் புது அறைத்தோழி ஹர்ஷிணி நல்ல பெண். ஆனால் எதற்கும் அழாதவள். அவள் ஆய்வுக் குறிப்பேடு ஒன்று தொலைந்தபோதுகூட, தோளைக் குலுக்கிவிட்டு ஜிம்முக்குப் போய்விட்டாள்.

ஆகவே யோசித்து, நடந்ததை எழுதிவிடுவதே சரி என்று முடிவு செய்தேன். கயல் பொய் சொல்லவில்லை. அந்தக் கோடு இருந்தது. நான் கிட்டப் போய்ப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவள் பெயரைத் துடைத்து, பட்டத்தைக் கொடுங்கள். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை அவளுக்குக் கடிதத்தில் அனுப்பாதீர்கள். இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்து தன்னைத் தேற்றியவள் யார் என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும், என் மடியைத் தவிர வேறு எங்கும் அழுது அவளுக்குப் பழக்கமில்லை. அவளை இங்கே வரவழைத்து, என்னையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். எனக்குப் பிஎச்.டி. முதல் தேர்வு டிசம்பர் பதினான்காம் தேதி. பதின்மூன்றாம் தேதி மாலை என்றால் நல்லது.